நூற்றுப் பத்துக்கு மேலே

தங்கையா எதையும் சத்தமில்லாமல் செய்கிற மனிதர் இல்லை. பாச்சாங்கில் பழைய கார் விற்கும் கடை வைத்திருந்தார். கோயில் திருவிழாவுக்கு நூறு பேருக்குச் சாப்பாடு போட்டால் ஆயிரம் பேருக்குத் தெரியும்படி போடுவார். தங்கை மகன் கவிநேசனுக்குத் தன் மகள் தேவிஸ்ரீயைக் கொடுப்பதென்று பேச்சு முடிந்ததும், பரிசம் போடும் நாள் வரைகூட அவருக்குப் பொறுக்கவில்லை. தாய்மாமன் சீர் என்று சொல்லி ஒரு காரை அனுப்பிவைத்தார்.

சாதாரணக் கார் இல்லை. இரண்டே கதவு, தரையை உரசுகிற உயரம், நல்ல சிவப்பு. ஜப்பான்காரன் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். மாலை போட்டு, கண்ணாடியில் சந்தனம் வைத்து, அவரே ஓட்டிக்கொண்டு வந்து புக்கிட் காத்தில் தாமான் குடியிருப்பில் தங்கை வீட்டு வாசலில் நிறுத்தினார். அக்கம்பக்கத்து மலாய்ப் பிள்ளைகளெல்லாம் சைக்கிளோடு வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். தங்கை மலர்க்கொடி ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தாள். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கவிநேசன் அதை நசுக்கிக்கொண்டு காரை நகர்த்தியபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த அழுகைக்குக் காரணம் உண்டு. ஜாசின் பக்கத்தில் அவர்கள் வேலை செய்த தோட்டத்தை முதலாளிகள் விற்றுவிட்டு, லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது, அண்ணன் இல்லாவிட்டால் அவர்கள் குடும்பம் தெருவில் நின்றிருக்கும். புருஷன் அங்கமுத்து அப்போது செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். லோரியும் போயிற்று, வேலையும் போயிற்று. அன்றைக்கு இந்த வீட்டைப் பிடித்துக்கொடுத்ததும், அங்கமுத்துக்குத் தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கும் ஜாகா வேலை வாங்கிக்கொடுத்ததும் அண்ணன் தங்கையாதான். அதிலிருந்து அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவர் வருகிறார் என்றால் ஆட்டிறைச்சி எடுப்பார்கள். வராவிட்டால் சார்டின்தான்.

மூத்த மகள் பவானேஸ்வரி மட்டும் ஆரத்தி நடந்தபோது கொஞ்சம் தள்ளி நின்று காரின் பின் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பழக்கதோஷம். சிரம்பானில் கட்டிக்கொடுத்து, அங்கே வாழ முடியாமல் திரும்பி வந்து, மெயின் ரோட்டில் இருக்கும் சீனர் டயர் கடையில் கல்லாவில் உட்கார்ந்தவள். அலைன்மென்ட் பார்த்த ஆள் சிங்கப்பூருக்குப் போய்விட, கடை முதலாளி தவுக்கே அவளையே மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். இப்போது சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது, கார் ஏன் இழுக்கிறது என்பதெல்லாம் அவள் வேலை. அந்தத் தாமானில் யார் பழைய கார் வாங்கினாலும் முதலில் பவானி கடைக்குக் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றி, அடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

தம்பி காரை மட்டும் அவள் ஏற்றவில்லை. ஏற்றலாமென்று வாய் திறந்ததற்கே மலர்க்கொடிக்கு முகம் சிவந்துவிட்டது.

"சீரு வந்த சாமானடி அது. தூக்கிப் புரட்டிப் பாக்குறதுக்கு அது என்ன பசார்ல வாங்குன கோழியா? உங்க மாமா காதுல விழுந்தா என்ன நெனைப்பாரு?"

பவானி அதோடு விட்டுவிட்டாள். பிற்பாடு எத்தனையோ தடவை அவள் தன்னைத் திட்டிக்கொண்டது இதற்காகத்தான். ஆனால் அந்த வீட்டில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பார்கள். தாய்மாமன் தட்டில் வைத்துக் கொடுத்த வேட்டியைப் பிரித்துக் கிழிசல் இருக்கிறதா என்று யாராவது சபையில் பார்ப்பார்களா?

கவிநேசனுக்குச் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் ஷிஃப்ட் வேலை. அதுவரை மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்து போய்வந்தவன். கார் வந்த முதல் வாரம் அவன் தரையில் நடக்கவில்லை. ஆலை வாசலில் இறங்கும்போது பார்க்கிறவர்கள் பார்க்கட்டுமென்று சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே போனான். இரண்டாவது வாரம் சத்தம் குறைந்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டயர் கடைக்கு வந்து, அக்காவின் டப்பாவிலிருந்து ஒரு கை சோறும் நெத்திலிச் சம்பலும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றுமில்லாத விஷயம் மாதிரி ஆரம்பித்தான். ஹைவேயில் போனால் கார் கொஞ்சம் ஆடுகிறது, அவ்வளவுதான். எண்பதில் வெண்ணெய் மாதிரி போகிறது, நூறைத் தாண்டினால் ஸ்டீரிங் கையில் நிற்கவில்லை.

பவானி அவன் கையைப் பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து தடித்திருந்தன. ஸ்டீரிங்கை எவ்வளவு இறுக்கிப் பிடித்தால் அப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

லிஃப்டிலோ மெஷினிலோ ஏற்றக்கூடாது என்பது அம்மா உத்தரவு. அதனால் கீழே நின்றபடி என்னவெல்லாம் பார்க்க முடியுமோ அதையெல்லாம் பார்த்தாள். காற்று ஒவ்வொரு சக்கரத்திலும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. அதைச் சரி செய்தாள். பின் டயர் இரண்டும் வேறு வேறு கம்பெனி, ஒன்று காய்ந்துபோய்ச் சுவரில் வெடிப்பு விட்டிருந்தது. தவுக்கேயிடம் சொல்லி ஒரே மாதிரி இரண்டு மாற்றினாள். சக்கரங்களைக் கழற்றி பேலன்சிங் செய்தாள். ஸ்டீரிங் நடுங்கினால் அது பேலன்சிங், கார் அலைந்தால் அது வேறு என்று தம்பிக்கு விளக்கிச் சொன்னாள். ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, இரண்டு கையாலும் பிடித்து அசைத்து, பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தாள். ஆட்டம் இல்லை. ஷாக் அப்சார்பர் ஒன்று எண்ணெய் கசிந்திருந்தது. அதையும் மாற்றினார்கள்.

இவ்வளவுக்கும் கிடைத்த பலன், முன்பு நூறில் ஆடிய கார் இப்போது நூற்றுப் பத்தில் ஆடியது.

மலர்க்கொடி தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. ஊர்க்கண்ணெல்லாம் அந்தச் சிவப்பில்தான் விழுந்திருக்கிறது என்று முடிவு கட்டி, வெள்ளிக்கிழமை பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். முன் கம்பியில் கறுப்புக் கயிறு கட்டினாள். பிள்ளை மெதுவாக ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, சொன்னதை அவளே நம்பவும் ஆரம்பித்தாள். தேவிஸ்ரீயோ, எங்கப்பா குடுத்த காடியில் என்னை எப்போது கூட்டிக்கொண்டு போகப் போகிறாய் என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். கவிநேசன் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

கடைசியில் பவானியே ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவனோடு காரில் ஏறி உட்கார்ந்தாள். ஆயர் குரோவில் ஹைவேயில் ஏறி, சிம்பாங் அம்பாட் பக்கம் விட்டார்கள். மழை வருகிற மாதிரி வானம் கறுத்து, செம்பனை மரங்கள் காற்றில் அசைந்தன. எண்பதில் அவன் சொன்னது சரிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நேர்ச் சாலையில் ஸ்டீரிங் கொஞ்சம் வலது பக்கமாகத் திரும்பியே இருந்ததைக் கவனித்துக்கொண்டாள். நூறில் கார் லேசாகிவிட்டது. நூற்றுப் பத்தைத் தொட்டபோது ஒரு பெரிய லோரியைத் தாண்டினார்கள். லோரியின் மறைவிலிருந்து வெளியே வந்ததும் பக்கக் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. கவிநேசன் ஸ்டீரிங்கைக் கொஞ்சம் ஒடித்தான். முன்பக்கம் திரும்பியது, பின்பக்கம் திரும்பவில்லை. பிறகு பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு அந்தப் பக்கம் போயிற்று. அவன் மறுபடி ஒடிக்க, அது இன்னும் அதிகமாக இந்தப் பக்கம் வந்தது. பவானி கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு கத்தினாள்.

"பிரேக்க மிதிக்காத. ஸ்டீரிங்க நேராப் புடி. காலை மெதுவா எடு, மெதுவா."

கார் இன்னும் இரண்டு ஆட்டம் ஆடி அடங்கியது. பின்னால் அந்த லோரிக்காரன் விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனான். கவிநேசன் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். பிறகு அங்கேயே புல்லில் உட்கார்ந்து அழுதான். தோட்டத்தில் இருந்தபோது தூக்கி வளர்த்த பிள்ளை, மீசை முளைத்தபின் அழுது அவள் பார்த்ததில்லை.

"தெனமும் இப்படித்தான்கா. மெதுவாப் போனா பின்னால வர்றவன் ஏறிடுவான் போல இருக்கு, வேகமாப் போனா இது கொன்னுடும் போல இருக்கு. வேலைக்குக் கிளம்பறப்பவே கையெல்லாம் வேர்க்குது. மாமாகிட்ட எப்படிக்கா சொல்றது?"

சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன், நீ வாயைத் திறக்க வேண்டாம் என்றாள் பவானி. அம்மாவுக்கும் மாமாவுக்கும் அவள் கொடுத்துவந்த மரியாதை அந்தப் புல்லோரத்தில் முடிந்துபோயிற்று.

மறுநாள் ஞாயிறு. கடைக்கு விடுமுறை. தவுக்கேயிடம் சாவி வாங்கிக்கொண்டு, ரொட்டி சானாய் கட்டிவந்து தின்றுவிட்டு அக்காளும் தம்பியும் வேலையை ஆரம்பித்தார்கள். காரை லிஃப்டில் ஏற்றி, அடியில் சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கை, கம்பி, ரப்பர் புஷ் எல்லாவற்றையும் இரும்புக் கடப்பாறையால் நெம்பிப் பார்த்தாள். எல்லாம் புதிது. இவ்வளவு பழைய காரில் அடிச் சாமான் எல்லாம் புதிதாக இருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. பிறகு அலைன்மென்ட் மெஷினில் ஏற்றினாள். முன் சக்கரங்கள் ஒழுங்காக இருந்தன. பின் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துத்தான் இருந்தன, ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரே பக்கமாகப் பார்த்தன. அதைச் சரிசெய்யும் திருகாணியைத் திருப்பினாள். அது கடைசி வரை போய் முட்டிக்கொண்டது. அப்போதும் பின் சக்கரம் நேராகவில்லை.

"என்னக்கா?" என்று கேட்டான் கவி.

"முன்னால ஒரு பக்கம் போவுது, பின்னால ஒரு பக்கம் போவுது. நண்டு மாதிரி சாய்ஞ்சு ஓடுது இது. மெதுவாப் போறப்ப தெரியாது. வேகத்துல பின்னாடி முன்னாடிய தள்ளிவிட்டுரும்."

மெஷினை அணைத்துவிட்டு அவள் நூலை எடுத்தாள். காரின் அடியில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என ஒரே மாதிரி ஆணிகள் பார்த்து, அங்கிருந்து கனமான நட்டுகளை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். நூல் அசைவு நின்றதும் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தாள். காரை நகர்த்திவிட்டு, மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்தார்கள். ஒரே நீளமாக இருக்க வேண்டிய இரண்டில் ஒரு குறுக்கு, மற்றதைவிடக் கட்டைவிரல் அகலம் நீளமாக இருந்தது. அவள் நம்பாமல் தம்பியைப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தானே படித்தாள். பிறகு இடம் மாறிப் படித்தாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பவானி பின் இருக்கையைக் கழற்றி, தரை விரிப்பை உரித்தாள். அடியில் தார் மாதிரி கறுப்பு மருந்து கனமாகப் பூசியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினாள். ஒரு பக்கக் கதவோரத்திலிருந்து மறு பக்கம் வரைக்கும், காரின் அகலம் முழுக்க, மேடும் பள்ளமுமாக ஒரு வெல்டிங் கோடு ஓடியது. கோட்டுக்கு முன்னால் சுரண்டினால் சிவப்புக்குக் கீழேயும் சிவப்பு. கோட்டுக்குப் பின்னால் சிவப்புக்குக் கீழே வெள்ளை. முன்னால் அடிபட்ட ஒரு கார், பின்னால் அடிபட்ட ஒரு கார், இரண்டையும் பாதிப் பாதியாக வெட்டி ஒட்டி ஒன்றாக்கியிருந்தார்கள். ஒட்டியவன் நேராகக்கூட ஒட்டவில்லை.

கவிநேசன் குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவினான். எங்காவது நன்றாக இடித்தால் என்ன ஆகும் என்று கேட்டான். இரண்டாகப் போகும் என்றாள் அவள். மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

அன்று மத்தியானம் தங்கையா சாப்பிட வந்திருந்தார். ஆட்டிறைச்சிப் பிரட்டல், முருங்கைக்காய் சாம்பார், ரசம். அவர் சாப்பிட்டுக் கைகழுவி, சோபாவில் சாய்ந்து பல் குத்த ஆரம்பிக்கும் வரை பவானி காத்திருந்தாள். வீட்டுக்கு வந்தவர் இலையில் இருக்கும்போது அதைப் பேசுகிற அளவுக்கு அவள் இன்னும் போகவில்லை. கவிநேசன் சமையலறை வாசலில் நின்றான். அங்கமுத்து ஜாகா உடுப்போடு வேலைக்குக் கிளம்பத் தயாராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

கார் ஆடுகிறது என்றதும் தங்கையா சிரித்தார். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஆடத்தான் செய்யும், ஓட்டுகிறவன் ஆம்பிளையாக இருக்க வேண்டும் என்றார். மலர்க்கொடியும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

"மாமா, ஓட்டுறவன் தப்பில்ல இது. ரெண்டு காடிய வெட்டி ஒட்டியிருக்காங்க. பின் சீட்டுக்கு அடியில வெல்டிங் இருக்கு. காலையில நான் என் கண்ணால பாத்தேன்."

தங்கையா பல்குத்தும் குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"உன்னை யாரு பாக்கச் சொன்னது?"

அப்படியா என்று அவர் கேட்கவில்லை. எங்கே என்றும் கேட்கவில்லை. யார் பார்க்கச் சொன்னது என்றுதான் கேட்டார். அவருக்கு முதலிலேயே தெரியும் என்பது பவானிக்கு அந்த நிமிஷம் புரிந்தது. தெரிந்தே மாலை போட்டுக் கொண்டுவந்திருக்கிறார், தெரிந்தே தங்கை பிள்ளையின் கையில் சாவியைக் கொடுத்திருக்கிறார். அந்த ஆட்டிறைச்சியை அவர் தின்றது அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மலர்க்கொடி எழுந்து வந்து மகளுக்கு முன்னால் நின்றுகொண்டாள். என் பொறந்த வீட்டு ஆள்களை என் வீட்டில் வைத்தே அவமானப்படுத்துகிறாயா என்று ஆரம்பித்து, அண்ணன் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி, மூச்சு வாங்கும்போது கடைசியாக அதையும் சொன்னாள்.

"உன் வாழ்க்கைதான் ஒரு எடத்துல நிக்கல. அவனோடதையும் வெட்டி விட்டுடாத, நல்லாருப்ப."

அடித்திருந்தால்கூட பவானி தாங்கியிருப்பாள். அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ வாயைத் திறக்க வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான், அதனால் அவனைக் குறை சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

எப்போதும் பேசாத அங்கமுத்துதான் பேசினான். தொண்டையைச் செருமிக்கொண்டு, மச்சானின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"மச்சான், நான் செம்பனை லோரி ஓட்டுனவன். சேசிஸ் முறிஞ்ச வண்டி எப்படிப் போவும்னு எனக்குத் தெரியும். சீரு வந்துச்சு, நாங்க வாங்கிக்கிட்டோம். வெளிய யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம். காடிய மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

தங்கையா பல்குத்தும் குச்சியைக் கீழே போட்டார். பிறகு தன்னையும் எவனோ ஏமாற்றிவிட்டான் என்று சொல்லிக்கொண்டார். மாப்பிள்ளைக்கு வேறு காடி அனுப்புகிறேன், இந்தப் பேச்சு இந்த நாலு சுவருக்குள் நிற்கட்டும் என்றார். இதை என்ன செய்வீர்கள் என்று பவானி கேட்டாள்.

"இரும்புக்குப் போட்டுர்றேன்மா. போதுமா?"

போதும் என்றாள் அவள். நம்பினாள் என்று சொல்ல முடியாது. தம்பி அந்தக் காரில் இனிமேல் ஏறப் போவதில்லை, அதற்குமேல் கேட்க அவளிடம் தெம்பில்லை.

அடுத்த வாரம் உள்நாட்டில் செய்த சின்னக் கார் ஒன்று, மாலை இல்லாமல், சந்தனம் மட்டும் வைத்து வந்தது. பரிசமும் நடந்தது. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் பெண்ணுக்குப் புடவைத் தட்டு எடுத்துக்கொடுக்க வேண்டும். மலர்க்கொடி தட்டைத் தன் சித்தி மகளிடம் கொடுத்துவிட்டாள். பவானியைப் பந்தியில் அப்பளம் வைக்கச் சொன்னார்கள். வாழ்வில் நிலைக்காதவள் கையால் தட்டு வேண்டாம் என்று தங்கையா வீட்டில் சொன்னதாகக் காதில் விழுந்தது. அவளுக்கு அழுகை முட்டியது, ஆனால் எதிரே புது வேட்டியில் சிரித்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். அவன் கைகழுவும் இடத்தில் அவள் கையைப் பிடித்து, நீ இல்லாவிட்டால் நான் இந்நேரம் போட்டோவில் இருந்திருப்பேன் அக்கா என்றான். அந்த ஒரு வார்த்தை போதுமென்று அவள் அப்பள வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

பிறகு டயர் கடைப் பக்கம் அவன் வருவது குறைந்தது. ஷிஃப்ட் இல்லாத நாள்களில் வருங்கால மாமனார் கடையில் போய் உட்கார ஆரம்பித்தான். கார் வாங்க வருகிறவர்களுக்கு ஓட்டிக்காட்டினான். நல்ல பேச்சு வந்துவிட்டது அவனுக்கு என்று மலர்க்கொடி பூரித்துப்போய்ச் சொன்னாள்.

சில மாதம் கழித்து அந்தச் சிவப்புக் கார் டயர் கடைக்குள் வந்தபோது சாம்பல் நிறத்தில் இருந்தது. ரிம் மாற்றியிருந்தார்கள், பின் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். பவானிக்கு அடையாளம் தெரிய அதெல்லாம் தடையாக இல்லை. உடம்பை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு உள்ளே நுழைந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. 

ஓட்டிவந்தவன் பெயர் காந்தன். கண்ணாடி போட்ட, ஒல்லியான, வெள்ளந்திச் சிரிப்புக்காரன். பெண்டாட்டி பிள்ளைகள் மெர்லிமாவில். அவனுக்கு வேலை ஜொகூரில். இத்தனை வருஷமாக வாரக்கடைசியில் மோட்டாரில் வந்து போனவன், இப்போதுதான் முதல்முதலாகக் கார் வாங்கியிருக்கிறான். அதையெல்லாம் அவள் கேட்காமலே சொன்னான். ஸ்டீரிங் கொஞ்சம் கோணலாக நிற்கிறது, ஹைவேயில் காடி லேசாக ஆடுகிறது, அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள் என்றான்.

"தங்கையா அண்ணன்தான் சொன்னாரு, என் மருமக அந்தக் கடையிலதான் வேலை பாக்குது, இந்தக் காடிய அது கைபடப் பாத்திருக்கு, சந்தேகம்னா போய்க் கேட்டுக்கன்னு. அதான்கா உங்களையே தேடி வந்தேன்."

மாமாவின் தைரியத்தை நினைத்து அவளுக்குச் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டுப் பெண் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கும் என்று எவ்வளவு நிச்சயமாக இருந்தால் அவள் பெயரையே சொல்லி விற்றிருப்பார். அவள் காரை லிஃப்டில் ஏற்றினாள். இறக்கிப் பின் இருக்கையைக் கழற்றினாள். புதிதாகப் பூசியிருந்த மருந்தைச் சுரண்டி, கோட்டைக் காட்டினாள். முன்னால் என்ன நிறம், பின்னால் என்ன நிறம் என்று காட்டினாள். என் தம்பி இதை ஓட்டினான், ஹைவேயில் செத்துப் பிழைத்தான், இரும்புக்குப் போடுவதாகச் சொல்லித்தான் மாமா எடுத்துப் போனார் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

காந்தனின் சிரிப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. ஆனாலும் அவன் தலையாட்டினான். தங்கையா அண்ணன் எங்கள் கோயில் கமிட்டிக்கே வேண்டியவர், அப்படிச் செய்ய மாட்டார் என்றான். பெயர் மாற்றும்போதே எல்லாச் சோதனையும் முடிந்துவிட்டதாக அவர் சொன்னாரே என்றான். அவர் கொடுத்த காடியை இன்னொரு கடையில் காட்டிச் சோதிப்பது மரியாதையாக இருக்குமா என்றுகூட யோசித்துத்தான் இங்கே வந்தேன் என்றான். பவானிக்குத் தன் வீட்டுக் கூடத்தில் நிற்பது போலவே இருந்தது.

அவன் போனை எடுத்துத் தங்கையாவைக் கூப்பிட்டான். அவளும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தான். விஷயத்தை அவன் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிக்கும் வரை தங்கையா குறுக்கே பேசவில்லை.

"பவானியா? அது எங்க வீட்டுப் பொண்ணுதான் தம்பி. வாழ்க்கையில கொஞ்சம் அடிபட்ட பொண்ணு. கூடப்பொறந்த தம்பிக்கு நல்லது நடக்குறது அதுக்குத் தாங்கல. எல்லாக் காடியிலயும் வெல்டிங் இருக்கும்லா, காடியையே வெல்டிங் பண்ணித்தானே செய்றான்? அத ஓட்டுன பையன் இங்கதான் இருக்கான். நீயே கேட்டுக்க."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. காந்தன் வாய் திறப்பதற்குள் பவானி குனிந்து பேசினாள்.

"கவி, அக்கா பேசுறேன். இவரு வாராவாரம் ஜொகூர் போயி வர்றவரு. வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு. ஹைவேல உனக்கு என்ன ஆச்சுன்னு நீயே இவர்கிட்ட சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. தங்கையா கடை முன்னால் ஏதோ கார் பின்னுக்கு எடுக்கும் பீப் சத்தம் மட்டும் கேட்டது. சொல்லிவிடுவான் என்று அவள் நினைத்தாள். அந்த அமைதி நீள நீள அவளுக்கு நம்பிக்கை வந்தது.

"அண்ணே," என்றான் கவிநேசன். அக்காவிடம் அவன் பேசவில்லை. "அந்தக் காடிய நான் ஒரு மாசம் ஓட்டுனேன். ஒண்ணும் இல்லண்ணே. நல்லாதான் ஓடுச்சு."

காந்தன் நன்றி சொல்லிப் போனை வைத்தான். அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். இருக்கையைத் திரும்பப் பூட்டிவிடுங்கள் அக்கா, நேரமாகிவிட்டது, இந்த ஞாயிறும் வேலை இருக்கிறது, இன்று ராத்திரிக்குள் திரும்ப வேண்டும் என்றான். அவள் வேறு எங்காவது கொண்டுபோய்க் காட்டுங்கள், என்னை நம்ப வேண்டாம், காட்டுங்கள் என்று கெஞ்சினாள். அவன் சரி சரி என்றான். உடம்பு சரியில்லாதவர்களிடம் அப்படித்தான் சொல்வார்கள்.

"எண்பதுக்கு மேல மட்டும் போகாதீங்க தம்பி. அத மட்டுமாவது கேளுங்க."

அதற்கும் தலையாட்டிவிட்டு அவன் காரை எடுத்தான். சாம்பல் நிறக் கார் சாய்ந்தபடியே ரோட்டில் ஏறி, சிக்னலில் நின்று, ஆயர் குரோ பக்கம் திரும்பியது. தவுக்கே கல்லாவிலிருந்து அடுத்த காரைக் கூப்பிட்டார். பவானி அதைக் காதில் வாங்காமல் நின்றாள். நல்லாதான் ஓடுச்சு என்று தம்பி சொன்ன அந்த இரண்டு வார்த்தைதான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஹைவேயில், காலை மெதுவாக எடு என்று சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவள் நினைத்தாள். நினைத்ததற்காக அவளுக்கு வருத்தமும் வரவில்லை.